வேலிக்கு அந்தப் பக்கத்துச் சாணி

பிப்ரவரி 4

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். கையும் என்னுடையது, பென்சிலும் என்னுடையது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று வாத்தியாரம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். விசாரிக்கிறேன்: நலமா? இங்கே நானும் அம்மாவும் மாடுகளும் நலம். காளை முரடனுக்கு மட்டும் இடது கொம்பில் ஒரு சிராய்ப்பு. அது அவனாகத் தேடிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்றேன். 'ஞ' எழுத வந்த அன்று தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். 'ஔ'வுக்கு அதிகம் வேலை இல்லையாம். இருந்தாலும் கற்று வைத்திருக்கிறேன்.

இந்த வயதில் ஏன் என்று கேட்பாய். எல்லாம் உன் சித்தப்பாவால். இத்தனை வருஷமாக உன் கடிதங்களை அவன்தான் எனக்குப் படித்துச் சொன்னான். நல்ல குரல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். "என்னடா எழுதியிருக்கா?" என்றால், "இருங்கண்ணா, அவசரப்படாதீங்க" என்பான். மகள் என்னுடையவள். முதல் சிரிப்பு அவனுக்கா? 

இனி எனக்கு நேராக எழுது. போன் வேண்டாம். எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. கேட்காத இடத்தையெல்லாம் அம்மா தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடுகிறாள். அங்கே நீ மாட்டுச் சாணியை வைத்து என்ன செய்கிறாய் என்றும் எழுது. டீக்கடையில் உன் சித்தப்பா எல்லோருக்கும் விளக்குகிறான். பெற்றவன் நான் கடைசியில் நின்று கேட்கிறேன்.

'இப்படிக்கு' என்று போட்டு முடிக்க வேண்டுமாம். எனக்கு மிகவும் பிடித்த வார்த்தை அது.

இப்படிக்கு,
அப்பா


பிப்ரவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் நலமா? அந்த பெஞ்சை எனக்குத் தெரியும், எனக்கே இடிக்கும்.

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ தெரியாதவர்கள் என்று நினைத்தேன். பிரித்தால் நீங்கள். உங்கள் கையெழுத்து எப்படி இருக்கும் என்று இத்தனை வயதில் இப்போதுதான் தெரிந்துகொண்டேன். லேபில் எல்லோரிடமும் காட்டினேன். அந்த 'ஞ'வுக்குத் தனியாகப் பாராட்டு.

என் வேலை இதுதான். வெயில் நாடுகளில் இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகள் காய்ந்த புல்லைத் தின்றே எடை போடுகின்றன. அது மாட்டின் சாமர்த்தியம் இல்லை. வயிற்றுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உட்கார்ந்து புல்லை உடைத்துக் கொடுக்கின்றன. பாதிக்கு மேல் இன்னும் பெயரே வைக்கவில்லை. வெளியே எடுத்து வளர்க்கப் பார்த்தால் செத்துப்போகும். அதனால் சாணியில் இருக்கும் அத்தனை பேருடைய டிஎன்ஏவையும் ஒட்டுமொத்தமாகப் பிரித்தெடுத்து, எந்திரத்தில் எழுத்து எழுத்தாகப் படிக்கிறோம். எந்த நுண்ணுயிர் இருக்கிறது, அது என்ன வேலை செய்யும் என்று அதிலிருந்து தெரியும். மொத்தம் நாலே எழுத்துதான் அப்பா. உங்களுக்கு இருநூற்று நாற்பத்தேழு. உங்கள் படிப்புதான் பெரிய படிப்பு.

நம் பக்கத்துச் சாணியும் வந்து சேர்ந்துவிட்டது. போன மாதம் சித்தப்பாவுக்குக் குழாய்கள் அனுப்பியிருந்தேன். ஒவ்வொரு குழாயிலும் விவரம் எழுத வேண்டும், அதனால் அவருக்கு அனுப்பினேன். அழகாக எழுதி அனுப்பிவிட்டார். சொல்லியிருப்பாரே?

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள்,
வாலு


மார்ச் 9

அன்பு வாலுவுக்கு,

நலம். நலம்தானே?

சொல்லவில்லை.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே படித்தேன். இரண்டாம் பக்கம் முடிந்ததும் நேராக வேலிக்குப் போனேன். உன் சித்தப்பா அந்தப் பக்கம், அவன் வீட்டு வாசலில், தன் பசு சாம்பலியைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்தான்.

"குழாய் வந்துச்சாமே?"

"வந்துச்சுண்ணா. அனுப்பியாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சாணிதானே அண்ணா. அதுக்குப் போய்…"

சாணிதானே! டீக்கடையில் அதற்கு 'ஆய்வுப் பொருள்' என்று பெயர். என்னிடம் பேசும்போது சாணியாகிவிட்டது. இரண்டு கையிலும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு டாக்டர் மாதிரி எடுத்தானாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். ஒரே வேலி, நான் மட்டும் பார்க்கவில்லை.

அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "சொத்துக்கு அடிச்சிக்கிட்ட அண்ணன் தம்பியப் பாத்திருக்கேன். சாணிக்கு அடிச்சிக்கிறத இப்பதான் பாக்கறேன்" என்கிறாள். சிரிக்கட்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உனக்கு 'வாலு' என்று பெயர் வைத்தது நான். அவன் வைத்ததாகச் சொல்லித் திரிகிறான்.

விவரம் எழுத இப்போது எனக்கும் தெரியும். எனக்கும் குழாய் அனுப்பு. முரடனை விட்டுவிட்டு என்ன ஆய்வு?

இப்படிக்கு,
அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? எனக்கு லேசான சளி, வேறொன்றும் இல்லை. அவசரமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

இத்துடன் குழாய்கள். சாணி விழுந்த உடனே, தரையில் படாத நடுப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். குழாயில் இருக்கும் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். லேபிளில் மாட்டின் பெயர், காளையா பசுவா, வயது, தீனி. அவ்வளவுதான்.

ஒரு பெரிய செய்தி. சாம்பலியின் சாணியில் யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. கட்டை மாதிரி இருக்கும் புல்லைக்கூட உடைக்கக்கூடியது போலத் தெரிகிறது. இங்கே அவளைப் பற்றித்தான் பேச்சு. சித்தப்பா அனுப்பிய அவள் படத்தைப் பெரிதாக்கி லேப் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்து மாட்டின் வயிற்றிலிருந்தே நேராக எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு பண்ணைக்குப் போக அனுமதி கிடைக்கும். சாணியில் இந்த நுண்ணுயிர் எங்கே இருக்கிறதோ அந்தப் பண்ணை. நம் பக்கமாக அமைந்தால் நானே வருவேன், இரண்டு வாரம். ஆனால் தேர்வான பண்ணையிலேயே தங்க வேண்டும். அந்த நாட்களில் வேறு மந்தைப் பக்கம் தலைகாட்டக் கூடாது, செருப்பிலும் துணியிலும் கிருமி ஒட்டிக்கொண்டு வந்து எல்லாம் கலந்துவிடும். இதில் எங்கள் பேராசிரியர் மிகவும் கண்டிப்பு.

முரடனுக்கு என் விசாரிப்பு.

உங்கள்,
வாலு


ஏப்ரல் 20

அன்பு வாலுவுக்கு,

சளிக்கு வெந்நீர் குடி. நாங்கள் நலம்.

மாட்டின் படத்தைச் சுவரில் மாட்டுவார்களா? நானே இதுவரை எந்தச் சுவரிலும் இல்லை. விஷயம் உன் சித்தப்பாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. சாம்பலியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். "விஞ்ஞானிங்க பேசிக்கிற மாடு" என்று காட்டுகிறான். வந்தவர்கள் வேலிக்கு மேலே எட்டி என் பக்கம் பார்த்து, "இதெல்லாம் சும்மா மாடா?" என்று கேட்கிறார்கள்.

நீ எழுதியதை மூன்று நான்கு முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து இரண்டு வாரம் தங்குவாய், இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டாய். அப்படித்தானே? அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் அன்று சிரிக்கவில்லை.

குழாய்களை அனுப்பிவிட்டேன். அந்தச் சின்ன லேபிளில் எழுதுவது அரிசியில் எழுதுவது மாதிரி இருந்தது. ஆனாலும் எழுதினேன். 'முரடன். காளை. வயது ஆறு. தீனி புல்.' ஒரு அடித்தல் கிடையாது.

அன்று காலையில் உன் சித்தப்பா சந்தைக்குப் போயிருந்தான். வேலியில் ஒரு கம்பி தொங்கிக்கொண்டிருந்ததால் நான் அங்கே போக வேண்டியதாயிற்று. சாம்பலி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நல்ல மாடு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பியைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தீவன அறையைக் காலி செய்து வெள்ளையடித்திருக்கிறேன். உன்னோடு வருபவர்கள் அங்கே படுத்துக்கொள்ளலாம். முரடனின் படமும் இத்துடன் இருக்கிறது. சுவரில் இடம் இருக்கும் அல்லவா?

இப்படிக்கு,
அப்பா


ஜூன் 11

அன்பு வாலுவுக்கு,

நலம்தானே? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்ததும் சைக்கிளை வேறு பக்கம் திருப்புகிறார்.

சித்தப்பாவோடு போனில் பேசினாயாம். "எங்களப் பத்தி ஏதாவது கேட்டாளா?" என்றேன். "உங்களப் பத்தி இல்லண்ணா. சாம்பலி வேலியத் தாண்டி எங்கயாவது போச்சான்னு கேட்டா. எதுக்குக் கேட்டான்னு தெரியல" என்றான்.

எனக்கும் தெரியவில்லை.

மாடுகள் நலம். மழை இன்னும் இல்லை.

இப்படிக்கு,
அப்பா


ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலமே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் தாமதமானது.

முரடனின் சாணி பிரமாதம். சாம்பலியிடம் கிடைத்த அதே நுண்ணுயிர் அவனிடமும் இருக்கிறது.

ஒரு சின்னச் சிக்கல். சாணியில் நுண்ணுயிர்கள் மட்டும் இல்லை அப்பா. குடலில் உரசி வரும்போது மாட்டின் சொந்தச் செல்களும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எந்திரம் அவற்றையும் படித்துவிடும். அதன்படி முரடன் ஒரு பசு.

அதுவும் நான் ஏற்கெனவே படித்து முடித்த பசு.

பேராசிரியர், "லேபிள்ல எழுத்துப் பிழையா இருக்கும், உங்க அப்பா இப்பதான எழுதக் கத்துக்கிட்டார்" என்றார். லேபிளை எடுத்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. எல்லா எழுத்தும் குண்டு குண்டாக, அழகாக இருக்கிறது.

தவறான மாதிரி என்று எழுதினால் நம் பண்ணையை ஆய்விலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதனால் இன்னொரு முறை அனுப்ப அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். இதுதான் கடைசி. புதிய குழாய்கள் இத்துடன். என்ன வந்தாலும் பரவாயில்லை, முரடனிடமிருந்தே வரட்டும்.

உங்கள்,
வாலு


ஜூலை 8

அன்பு மகள் வாலுவுக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே சாம்பலி நலம், நானும் ஏதோ இருக்கிறேன்.

அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தால் வேலியில் கம்பி சரியில்லை என்று குனிந்துகொள்கிறார். அந்தக் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. நீ ஏதாவது எழுதினாயா? எனக்கு இப்போது எப்படித் தெரியும்? முன்பெல்லாம் உன் கடிதம் வந்தால் அண்ணனும் அண்ணியும் இங்கே வந்துவிடுவார்கள். ஒரு கடிதத்தை நாலு நாள் படிப்போம். "அந்த இடத்த மறுபடி படிடா" என்பார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அது ஒரு சத்தம்.

இப்போது அவரே படித்துக்கொள்கிறார். சந்தோஷம்தான். சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் விளக்கு எரியும். தனியாகச் சிரிப்பது கேட்கும். என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டால், "இருடா, அவசரப்படாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

நீ குழாய் அனுப்பியபோது எனக்குத்தான் அனுப்பினாய் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன். அதற்காகக் கோபமா என்று கேட்டு எழுது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
சித்தப்பா


ஜூலை 20

அன்பு வாலுவுக்கு,

நலம்.

பேராசிரியர் சொன்னது சரி. அது எழுத்துப் பிழைதான். 'சாம்பலி' என்று எழுதப் போய் 'முரடன்' என்று எழுதிவிட்டேன்.

இந்த முறை முரடன். அம்மா சாட்சி. அவளே பின்னால் நின்று, "போடுடா ராஜா, உன் வீட்டு மானம் உங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மத்தியானம் வரை யோசித்தான்.

உன் சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன். வேலிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "சாணியத் திருடுனீங்களா அண்ணா?" என்றான்.

"எடுத்தேன்."

"கேட்டிருந்தா ஒரு கூடை குடுத்திருப்பேனே!"

"கூடை யாருக்குடா வேணும்? எனக்கு என் மக வேணும்."

அவன் போய்ச் சாம்பலிக்குத் தண்ணீர் காட்டினான்.

இப்படிக்கு,
அப்பா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? மழை வந்துவிட்டதா? அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உங்கள் எழுத்துப் பிழையைப் பேராசிரியரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டு பெயருக்கும் ஒரு எழுத்துகூட ஒத்துப்போகவில்லையே என்று யோசித்துக்கொண்டே போனார்.

முரடனின் முடிவு வந்துவிட்டது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அவன் வயிற்றில் இருப்பவை எல்லாம் எல்லா மாட்டிடமும் இருப்பவைதான். புதியது இல்லை. அவன் ஆரோக்கியமான, சாதாரணமான காளை. சித்தப்பாவின் பண்ணையைத் தேர்வு செய்துவிட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் வருகிறேன்.

விதி எழுத்திலேயே வந்திருக்கிறது: 'மாதிரி எடுக்கும் நாட்களில் ஆய்வாளர்கள், மாடு இருக்கும் வேறு எந்த வீட்டிலும் காலடி வைக்கக் கூடாது.' கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. வேலி வரை தினமும் வருவேன் அப்பா. அந்தப் பக்கம் நீங்களும் அம்மாவும் நின்றால் பேசிக்கொண்டு இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். சாயங்கால நேரத்தில் ஒரு நடை சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். காரணம் கேட்காதீர்கள்.

உங்கள்,
வாலு


செப்டம்பர் 19

அன்பு வாலுவுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாடுகளின் நலத்தைப் பற்றி உன் மாமாவிடம்தான் கேட்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் முரடன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாதாரணமான காளை என்று எழுதியிருந்தாய். முரடனிடம் நான் அதைச் சொல்லவில்லை. மறுநாள் விதியை மட்டும் மறுபடி எடுத்துப் படித்தேன். நான் மெதுவாகப் படிக்கிறவன், ஒவ்வொரு வார்த்தையிலும் நின்றுதான் அடுத்ததற்குப் போவேன். 'மாடு இருக்கும் வேறு எந்த வீட்டிலும்.' அண்ணன் வீடு என்று எழுதவில்லை. அப்பா வீடு என்றும் எழுதவில்லை. 'மாடு இருக்கும்' என்றுதான் எழுதியிருக்கிறது. எங்கே தங்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. உன் சித்தப்பா இதைப் படித்திருந்தால் வேகத்தில் தாண்டிப் போயிருப்பான்.

போன வாரம் மந்தை முழுவதையும் உன் மாமாவின் மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிவிட்டேன். நீ திரும்பிப் போகும் வரை அங்கேதான். முரடன் வாசலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றான். உன் சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எங்கண்ணா ஓட்டிட்டுப் போறீங்க?"

"காத்து வாங்க."

"மொத்த மந்தையுமா?"

நான் அடுத்த மாட்டை அவிழ்த்தேன். அவன் முட்டாள் இல்லை, கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டான். முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அவ எங்க வீட்டுல தங்கமாட்டா" என்றான். முன்னறையில் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறானாம். அது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"பகல் பூரா உன் மாட்டோடதானடா இருக்கப்போறா. ராத்திரி மட்டும்தான் எனக்கு."

"விதி?"

"விதிய நான் படிச்சிட்டேன்."

அவன் வேலியைத் தாண்டி வந்து முரடனின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான். அவன் பிடித்ததும் முரடன் எழுந்துவிட்டான். என் காளை, என் பேச்சைக் கேட்கவில்லை, அவன் பேச்சைக் கேட்கிறது. அதைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதுகிறேன். இரண்டு பேருமாகத்தான் மாமா ஊர் வரை ஓட்டிக்கொண்டு போனோம். வழியில் அவனை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், நீ இருக்கும் இரண்டு வாரமும். பிறகு அம்மா சொன்னதால், நீ போன பிறகும் என்று சேர்த்துச் சொன்னேன்.

தொழுவத்தைக் கழுவிச் சுண்ணாம்பு போட்டுக் காயவைத்திருக்கிறேன். சாணி என்று ஒரு துளி கிடையாது. பேராசிரியரிடம் இப்படிச் சொல்: என் அப்பா வீட்டில் மாடு இல்லை. அவர் வேண்டுமானால் எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துப் படித்துப் பார்க்கட்டும்.

ஒரே ஒரு நிபந்தனை. சாயங்காலம் வேலை முடிந்து இந்தப் பக்கம் வரும்போது, உன் செருப்பை அவன் தொழுவத்திலேயே கழற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வா. அவன் வீட்டுக் கிருமி ஒன்றுகூட என் வீட்டுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா